கிழவியின் விசில்

ஹார்னை நான்கு முறை அடித்துவிட்டாள். ஐந்தாவது முறை அழுத்திய விரலை எடுக்கவே இல்லை... அந்த ஆள் அசைந்தால்தானே!

மழை தூறிக்கொண்டிருந்தது. விமானத்தளத்தின் கம்பி வேலியை ஒட்டிப் போகும் குறுகலான சாலை. ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் சேறு நிறைந்த பள்ளம். நட்ட நடுவில், ஏதோ அவன் அப்பன் போட்ட ரோடு மாதிரி, க்ரீஸ் கறை படிந்த நீலச் சட்டைக்காரன் ஒருவன் வானத்தை அண்ணாந்து பார்த்து நின்றான். வாய் பாதி திறந்திருந்தது. மழைத்துளி உள்ளே போவது கூட அவனுக்கு உறைக்கவில்லை. அவள் பிரேக்கைப் பிடித்தாள். ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போன ஸ்கூட்டர் அவன் குதிகாலில் முட்டி நின்றது. அப்போதுதான் ஐயா திரும்பினார்.

"காது என்ன செவிடா உங்களுக்கு?"

கேட்டுவிட்டாள். வேலியோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேர் முன்னால் கேட்டுவிட்டாள். அவன் கோபப்படவில்லை. அகலமான கண்கள்... இமையெல்லாம் மழை. அந்தக் கண்கள் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டையே பார்த்தன. திமிரைப் பார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கன்னமும் ஏனோ சூடானது.

"மன்னிச்சுக்குங்க... கிழவி இறங்குறா" என்று வானத்தைக் காட்டினான்.

கிழவி என்றால் ஐம்பது வருஷத்துப் பழைய போர் விமானம். கரும்புகையைக் கக்கிக்கொண்டு, இறங்கும்போது மட்டும் ஒரு மெல்லிய விசிலடித்துக்கொண்டு வரும். அந்த விசிலைக் கேட்கத்தான் அந்த நாற்காலிக் கூட்டம் வெயில் மழை பாராமல் உட்கார்ந்திருக்கிறது. அதில் ரொட்டிக் கடைக்காரர் உண்டு, ஓய்வு பெற்ற தபால்காரர் உண்டு, பல் டாக்டர் கூட உண்டு. தளத்துக்குப் புதிதாக வந்த நவீன விமானத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கால்குலேட்டர். அது எழும்பினால் ஒருவரும் தலையைத் தூக்க மாட்டார்கள். ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

கிழவியை ஓட்டினால் விமானிக்குத் தோள் வலிக்க வேண்டும், அதுதான் பறப்பது என்பார் தபால்காரர். கால்குலேட்டரில் விமானி சும்மா விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், மிச்சத்தையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்பார் ரொட்டிக் கடைக்காரர். நீலச் சட்டைக்காரன் அவர்களுக்குக் கதாநாயகன். ஏனென்றால் அவன் தளத்துக்குள்ளேயே கிழவியின் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். அவனை விசில் என்றுதான் கூப்பிடுவார்கள்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. அந்தக் கூட்டத்தைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

போன இடம் தளத்து மருத்துவமனை. அவள் வேலை என்ன தெரியுமா? காது பரிசோதிப்பது. பதினொரு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தது யார் என்பதையும் நான் சொல்ல வேண்டுமா?

அவனும் அவளை அடையாளம் கண்டுகொண்டான். வருஷாந்திரப் பரிசோதனைக் காகிதத்தை மேஜையில் வைத்தான்.

"காலையில கேட்டீங்களே... பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. உதட்டைப் பார்த்துப் பேசுகிறவனைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்தாளே... இந்தத் தளத்துக்குத்தான் புதிது, ஆறு வருஷமாக இதே வேலையில் இருக்கிறவள்.

சத்தம் புகாத சின்ன அறையில் அவனை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்பினாள். அவன் அழுத்தினான். மெல்லிய, உச்சமான ஒலிகளுக்கெல்லாம் கூட அழுத்தினான். பரவாயில்லையே என்று நினைத்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று ஒலி அனுப்புவதையே நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

அவன் அழுத்திக்கொண்டே இருந்தான். கண்ணை மூடி, முகத்தில் ஒரு நிம்மதியோடு... ஒன்றுமே இல்லாத அமைதிக்கு அரை நிமிஷத்தில் ஏழு முறை அழுத்தினான்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கதவைத் திறந்து, என்ன கேட்கிறது உங்களுக்கு என்று கேட்டாள்.

"விசில்தான். கிழவி விசில் மாதிரியே வெச்சிருக்கீங்களே மெஷின்ல" என்றான். ஏழும் தான் பாஸான ஏழு என்று நினைத்துக்கொண்டிருந்தான் பாவம். காலையில் கண் விழித்ததிலிருந்து தூங்கும் வரை அந்த விசில் தன் காதுக்குள்ளேயே இருப்பதை அவன் ஒரு குறையாக எண்ணியதே இல்லை. கிழவி தன்னோடு வீட்டுக்கும் வருகிறாள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறான். எஞ்சின் பக்கத்தில் நின்று நின்று செத்துப்போன நரம்பின் சத்தம் அது என்று அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. வலது காது ஏறக்குறைய போய்விட்டது. இடது காதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருந்தது.

ஒரு தடவை பார்த்து எழுதிவிட முடியாது. வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை பார்த்துத்தான் அறிக்கை எழுத வேண்டும் என்பது விதி. அந்த மூன்று வாரம்தான், ஐயோ, எல்லாவற்றையும் கெடுத்தது. பரிசோதனை முடிந்தும் அவன் எழுந்து போக மாட்டான். அவளும் போகச் சொல்ல மாட்டாள். மழை விடட்டும் என்று ஒருவருக்கொருவர் சாக்குச் சொல்லிக்கொண்டார்கள். மழை விட்ட பிறகும் உட்கார்ந்திருந்தார்கள்... ஸ்கூட்டரை விட்டுவிட்டு அவனோடு பேருந்து நிறுத்தம் வரை ஒரே குடையில் அவள் நடந்தபோது அவன் சட்டென்று அவளை இடது பக்கம் மாற்றி விட்டுக்கொண்டான். அவள் பேச்சில் ஒரு சொல் கூடத் தவறக் கூடாதாம்.

கிழவியைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் இருவருக்கும் சண்டை. கோளாறு என்றால் கிழவி முன்கூட்டியே முனகிக் காட்டுவாள், கால்குலேட்டர் திரையில் எழுதிக் காட்டும், அவ்வளவுதான் என்று அவன் வக்காலத்து வாங்குவான்.

"முனகுற கிழவி எத்தனை பேரைக் கொன்னிருக்கா?" என்று ஒருநாள் வெடுக்கென்று கேட்டாள்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "பதினோரு பேர். இந்தத் தளத்துல மட்டும். அதுல நாலு பேர் கடைசியா ஏறினப்ப நான்தான் ஏணியைப் பிடிச்சேன்" என்றான்.

அப்படியும் அதை எப்படி நேசிக்கிறீர்கள் என்று கேட்க வந்தவள் கேட்கவில்லை. அவன் கண்கள் நிரம்பியிருந்தன. கால்குலேட்டர் வந்த பிறகு ஒருவரும் சாகவில்லை என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் நேசிக்கிறான். என்ன மனசோ!

மூன்றாம் வாரம். மூன்று பரிசோதனைகளும் ஒரே முடிவைச் சொன்னன. அறிக்கையை அனுப்பினால் மறுநாளே அவனை ஓடுதளத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அன்றுதான் அவன் முதல் முறையாக ஒன்று கேட்டான். இன்னும் பத்து நாளில் கிழவிக்குக் கடைசிப் பறப்பு, அதோடு அவளை நிறுத்திவிடுகிறார்கள். கடைசியாக ஒருமுறை எஞ்சினைத் தன் கையால் கிளப்பிவிட வேண்டும். பத்தே பத்து நாள் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருக்க முடியுமா?

"முடியாது" என்றாள்.

அவன் நம்பாமல் பார்த்தான். அவள் சொன்னாள். யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"எங்கப்பாவும் கிழவிகிட்டதான் வேலை பார்த்தாரு. காது சுத்தமா போயிடுச்சு. மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும்னு கெஞ்சினாரு. டெஸ்ட் பண்ணவர் நல்ல மனுஷன், சரின்னுட்டாரு. இருபத்தஞ்சாம் தேதி எரிபொருள் லாரி ரிவர்ஸ்ல வந்துச்சு. டிரைவர் ஹார்ன் அடிச்சுக்கிட்டேதான் வந்தானாம்."

அவன் மேஜை மேலிருந்த காகிதத்தைப் பார்த்தான். ஆனால் ஆசைப்பட்டது கை நழுவும்போது யாருக்குத்தான் நியாயம் புரிகிறது? அவன் எழுந்துகொண்டான்.

"நீங்களும் கால்குலேட்டர்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அவள் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு அந்தச் சத்தம் புகாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அங்கே அழுதால் வெளியே கேட்காது பாருங்கள்.

அவனை ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டதாகத் தகவல் வந்தது. நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. அவன் அவளைத் தேடி வரவில்லை. அவளும் போகவில்லை. தப்பு செய்யாதவள் ஏன் போக வேண்டும் என்ற வீம்பு ஒரு பக்கம்... எந்த முகத்தோடு போவது என்ற பயம் ஒரு பக்கம்.

வீட்டில் அம்மா மோப்பம் பிடித்துவிட்டாள். அம்மா எப்போதும் கத்தித்தான் பேசுவாள். அப்பா போய் ஒன்பது வருஷமாகியும் அந்தத் தொண்டை இறங்கவே இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டையென்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள். சோறு இறங்காமல் பிசைந்துகொண்டிருந்த மகளைக் குடைந்து குடைந்து விஷயத்தை வாங்கினாள். யார், என்ன வேலை, காது எவ்வளவு போயிருக்கிறது, எல்லாவற்றையும் கேட்டாள். கத்தப் போகிறாள் என்று மகள் காத்திருந்தாள். அம்மா கத்தவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, மகள் கேட்டே பழகாத ஒரு தணிந்த குரலில் பேசினாள்.

"சாப்பிட வாங்கன்னு கத்தலாம். கேஸ் தீர்ந்துடுச்சுன்னு கத்தலாம். விளக்கை அணைச்சுட்டுப் பக்கத்துல படுத்துக்கிட்டு மெதுவா சொல்ற பேச்சு ஒண்ணு இருக்கு பாரு... அதைக் கத்த முடியாது. பதினஞ்சு வருஷம் எனக்கு அது இல்ல. உனக்கு வேண்டாம்மா."

அம்மா சொன்னதில் ஒரு எழுத்துக் கூடப் பொய்யில்லை. அதனால்தான் அவள் பிசைந்த சோற்றை அப்படியே மூடி வைத்தாள்.

பத்தாம் நாள் வந்தது. அன்றைக்கும் மழைதான். போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், கிழவி கிளம்ப அரை மணி இருக்கும்போது ஸ்கூட்டரை எடுத்தாள். வேலியோரம் திருவிழாக் கூட்டம். எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். சிரிப்பே இல்லை, சாவு வீட்டு வாசலில் நிற்பது போல நின்றார்கள். ரொட்டிக் கடைக்காரர் அவளைக் கண்டதும் ஓடி வந்தார். ஸ்கூட்டர்ப் பெண்ணை அவர் மறக்கவில்லை.

"நம்ம விசிலுக்கு என்னமோ ஆயிடுச்சும்மா. பன்னெண்டு வருஷமா எஞ்சின் பக்கத்துலயே காதுல எதையும் மாட்டாம நின்னவன்... இன்னைக்குப் போய் இப்படி உக்காந்திருக்கான். நீயாவது என்னன்னு கேளேன்."

வேலியின் கோடியில் அவன் தனியாக ஒரு நாற்காலியில் இருந்தான். ஓடுதளத்து ஆட்கள் மாட்டும் தடித்த காது மூடி இரண்டு காதையும் இறுகக் கவ்வியிருந்தது. போதாதென்று மேலே இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். அவள் போய் இடது பக்கம் நின்றாள். அவன் பார்த்தான். கையை எடுக்கவில்லை.

கிழவி எழும்பினாள். தரை அதிர்ந்தது. கரும்புகையை வால் போல இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, தாழ்ந்து, கடைசியாக ஒருமுறை விசிலடித்துக்கொண்டு இறங்கினாள். தபால்காரர் தேம்பினார். பல் டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அத்தனை பேரும் அந்த ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, அவன் மட்டும் கிழவியைக் கண்ணால் வழியனுப்பினான். கன்னத்தில் ஓடியது மழையில்லை.

எஞ்சின் அடங்கிய பிறகுதான் மூடியைக் கழற்றினான்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க? கடைசித் தடவையாச்சே... கேக்கலையே நீங்க" என்றாள்.

அவன் ஓடுதளத்தைப் பார்த்தபடியே சொன்னான். "மிச்சம் கொஞ்சம்தான் இருக்குன்னு எழுதினது நீங்கதானே. அதையும் இவளுக்கே குடுத்துட்டா, உங்க பேச்சைக் கேக்க எனக்கு என்ன இருக்கும்?"

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று சொன்னதற்கு மன்னிக்கச் சொல்லி அவன் ஏதோ ஆரம்பித்தான். அவள் தலையாட்டி நிறுத்தினாள். சொல்ல வேண்டியது அவளிடம்தான் இருந்தது.

"அஞ்சு வருஷம். மிஞ்சிப் போனா ஏழு. எவ்வளவு பொத்திப் பொத்தி வெச்சாலும் இதுவும் போயிடும். நான் பொய் சொல்ல மாட்டேன்."

"தெரியும். அதனாலதான் கட்டிக்கிறீங்களான்னு உங்களைக் கேக்கல. எங்கம்மா கூட என்கிட்டக் கத்தித்தான் பேசுது. அந்தக் கஷ்டம் உங்களுக்கு எதுக்குன்னுதான்..."

அம்மாவின் பதினைந்து வருஷம் அவள் கண் முன்னால் வந்து நின்றது. பயமாகத்தான் இருந்தது. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது கதைக்காகச் சொல்வது. பயத்தோடேயே எம்பி, அவன் இடது காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கத்த வேண்டிய நாள் வந்தா கத்திக்கிறேன். அதுவரைக்கும் தினமும் மெதுவாவே பேசுறேன்."

அவன் அசையவில்லை. அவளுக்குப் பகீரென்றது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றான். அந்த அகலக் கண்கள் முதல் முறையாக அவள் உதட்டை விட்டுக் கண்ணுக்கு வந்தன. "இருந்தாலும்... இன்னொரு தடவை சொல்லு."

அவள் வாயெடுத்தாள். அதற்குள் ஓடுதளத்தில் கால்குலேட்டர் ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியது. அது தலைக்கு மேல் வருவதற்குள் அவள் தன் இரண்டு கையாலும் அவன் காதுகளைப் பொத்திக்கொண்டாள். சத்தம் முழுவதும் அடங்கும் வரை கையை எடுக்கவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.