பஸ்ஸில் மட்டும் வா

மாடுகளின் மேல் ஓர் ஈகூட உட்காரவில்லை என்பதை வண்டியில் ஏறிய பிறகுதான் புஷ்பமேரி கவனித்தாள். மொரப்பூர் ஸ்டேஷன் வாசலில், எழுபதாம் வருஷத்துச் சித்திரை வெயிலில், சாணியும் கரிப்புகையும் கலந்த நாற்றத்தில், மற்ற மாடுகளெல்லாம் வாலைச் சுழற்றி ஈ விரட்டிக்கொண்டிருந்தன. இவை இரண்டும் அசையாமல் நின்றன.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளை, உன் நாடு இந்தியாதான் என்று கப்பலேற்றிவிட்டார்கள். அவளுக்கோ இது அந்நிய தேசம். கப்பல் இறங்கித் தங்கிய மண்டபம் முகாமிலிருந்து இதுவரை எல்லோருக்கும் அவள் வெறும் சிலோன்காரி. நாலு மாதம் முன்னால் வந்து கம்பைநல்லூரில் வேலைக்குச் சேர்ந்த கணவன் இன்னாசி எழுதியிருந்தான்: 'நாலு மணி பஸ்ஸில் மட்டும் வா. யார் கூப்பிட்டாலும் மாட்டுவண்டியில் ஏறாதே.' காரணம் எழுதவில்லை.

வண்டிக்காரன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பாவி மனசு அதில் விழுந்துவிட்டது.

"புஷ்பமேரிங்களா? உங்க வூட்டுக்காரரு அனுப்புனாருங்க. பஸ்ஸு அப்பவே போயிருச்சு. புள்ளைக்கும் பஸ்ஸு ஒத்துக்காதே."

ஆறு வயது லூர்துவுக்கு பஸ்ஸில் வாந்தி வரும், உண்மைதான். அது இவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க அரை மைல் ஆனது.

கழுத்துமணிகள் ஆடின. சத்தம் வரவில்லை. முதல் மைல்கல்லில் கம்பைநல்லூர் 7 என்றிருந்தது. அடுத்ததில் 8. அதற்கடுத்ததில் 11.

"அண்ணே, நிறுத்துங்க. நாங்க நடந்தே போயிக்கிறோம்."

"நடக்கற தூரமுங்களா இது?" அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

எதிரே பஸ் வந்தது. நாலு மணிக்கு அவளை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டிய பஸ், இப்போதுதான் மொரப்பூருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இன்னாசி. புதுச் சட்டை போட்டிருந்தான். அவர்களை அழைத்துப்போகத்தான் வருகிறான்.

அவள் கத்தினாள். குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அவன் கண் நேராக அவர்கள் மேல் வந்தது. காலியான சாலையைப் பார்ப்பதுபோல் பார்த்தது. திரும்பிக்கொண்டது.

பஸ் போய்விட்டது.

புழுதி எழுந்து புளியமரங்களில் படிந்தது. வேலியில் படிந்தது. அவள் மேல் படியவில்லை. அடுத்த மைல்கல். எண் இல்லை. ஊர் பேரும் இல்லை.

"அம்மா, அப்பா ஏம்மா நம்மளப் பாக்கல?"

எங்கிருந்தோ ஓர் ஈ வந்தது. வியர்த்திருந்த குழந்தையின் முகத்தைச் சுற்றியது. மறுபடி சுற்றியது.

உட்காராமல் போய்விட்டது.