ஆள் பார்க்காத ஒரு பகல்

உலகம்மை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது கண்ணுக்குள் ஆறு பேர் இருந்தார்கள். காலை நேரத்துக்கு அது குறைச்சல்தான். தீபாவளி, பொங்கல் என்றால் அறுபது பேர் வரை வந்து நெருக்கியடிப்பார்கள்.

"ஏட்டி, கடவாய்ப் பக்கம் பிரஷ் போகவே இல்லையே" என்றாள் அம்மா செண்பகவல்லி, மகளின் கண் வழியாக மகளையே கண்ணாடியில் பார்த்துவிட்டு.

"அவ எப்பவும் அப்படித்தான் மதினி" என்றாள் சிங்கப்பூரிலிருந்து மாரிக்கனி அத்தை.

"அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பு தாயி. மழை வருமான்னு பாக்கணும். வத்தல் காயப்போட்டிருக்கு" என்றார் பெரியப்பா ஆறுமுகநயினார். பெரியப்பா வீடும் தூத்துக்குடியில்தான், அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. தன் வீட்டு ஜன்னலைத் திறக்க அவருக்குச் சோம்பல்.

உலகம்மை வாயில் நுரையோடு ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தைக் காட்டினாள். இதில் அவளுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. மூன்று வயதில் தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்தும்போதே விழிக்குப் பின்னால் அரிசிமணி அளவில் ஓர் உடன்விழியையும் பொருத்திவிடுவது வழக்கம். மொட்டை, காதுகுத்து, விழிபொருத்து என்று பத்திரிகை அடித்துக் கறிவிருந்து போடுவார்கள். அன்றிலிருந்து நீங்கள் பார்ப்பதை உறவுகள் பார்க்கலாம். அவர்கள் சொல்வது உங்களுக்குக் கேட்கும். காதுக்குப் பின்னால் உள்ள சிறு மேட்டை அழுத்தினால் உடன்விழி மூடிக்கொள்ளும். குளிக்கவும் தூங்கவும் மூடலாம். அதற்குமேல் மூடினால் 'அப்படி என்னத்த மறைக்கிறா?' என்று கேள்வி வரும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்ன?

அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவள்தான் டைட்டனுக்குப் போக ஆசைப்பட்டாள்.

டைட்டன் சனிக்கோளின் நிலா. அங்கே மீத்தேன் ஏரிக்கரையில் ஓர் ஆய்வு நிலையம் உண்டு. அதைக் காக்க ஒரே ஒரு பொறியாளர் போதும். இங்கிருந்து சொல்வது அங்கே போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்பதால் உடன்விழி அங்கே வெறும் அரிசிமணிதான். அந்த வேலைக்கு இதுவரை இயந்திரங்களே போயிருந்தன. மனிதக் கண் ஒன்று அந்த ஏரியைப் பார்க்க வேண்டும் என்று விண்வெளி ஆணையம் விரும்பியது. ஆனால் யாரும் பார்க்காமல் ஒரு மனிதரால் இருக்க முடியுமா?

அதற்குத்தான் தனிமைத் தேர்வு வைத்தார்கள். தெரியாத ஊரில், விடிந்ததிலிருந்து சூரியன் மறையும்வரை, உடன்விழியை மூடிக்கொண்டு தனியாகச் சுற்ற வேண்டும். மணிக்கட்டில் ஒரு முத்திரை கட்டுவார்கள். உடன்விழியைத் திறந்தால் முத்திரை முறியும். தெரிந்தவர் யாராவது ஒரு வார்த்தை பேசிவிட்டாலும் முறியும். ஆயுளுக்கு ஒரே வாய்ப்பு. எழுத்துத் தேர்விலும் உடல் தேர்விலும் முதலாவதாக வந்த உலகம்மைக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு பகல்தான். ஊர், போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ.

"கண்ண மூடிக்கிட்டு சீமைக்குப் போறாளாம்! இடது வலது யாரு சொல்லுவா?" என்று செண்பகவல்லி ஒரு வாரம் அழுதாள். "மூடின கண்ணுக்காரங்களத்தான் திருடன் தேடுவான்" என்று அத்தை தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினாள். அத்தை சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒருவர் கண்ணில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும் காலத்தில் எந்தத் திருடன் துணிந்து கை வைப்பான்?

போர்ட்டோவில் விடுதியை விட்டு இறங்கிய உலகம்மை முதல் முச்சந்தியிலேயே நின்றுவிட்டாள். இடதா, வலதா? யாரும் சொல்லவில்லை. காதுக்குள் இப்படியொரு மௌனத்தை அவள் கேட்டதே இல்லை. தெருக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் அவளைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனாள். கடைசியில் உலகம்மை வெயில் இருந்த பக்கம் நடந்தாள்.

காப்பிக்கடையில் அதைவிட மோசம். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். மொழிபெயர்க்கும் கம்மல் அதை நல்ல தமிழில் சொன்னது. ஆனால் தனக்கு என்ன பிடிக்கும் என்று உலகம்மைக்குத் தெரியவில்லை. அதை எப்போதும் அத்தைதான் சொல்வாள். பக்கத்து மேசைக்காரர் குடிப்பதைக் காட்டி அதையே கேட்டாள். அது ஒயின் என்று வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. காலங்கார்த்தாலே! சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் திட்டவில்லை. இன்னொரு வாய் குடித்தாள்.

சாம்பல் நிறத் தொப்பி போட்ட அந்த நெட்டை மனிதனை அப்போதுதான் கவனித்தாள். எதிர்ச்சாரியில் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயதிருக்கும், ஐரோப்பிய முகம். ஒரு கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

உலகம்மை எழுந்து நடந்தாள். நீலப் பூவேலை ஓடுகள் பதித்த ஒரு சுவரை ரசிப்பதுபோல் நின்று திரும்பிப் பார்த்தாள். தொப்பி இருபதடி பின்னால் இருந்தது. ரயில் நிலையத்துக்குள் நுழைந்து வேறு வாசலால் வெளியே வந்தாள். அங்கும் தொப்பி. காய்கறிச் சந்தைக்குள் புகுந்தாள். தக்காளிக் குவியலுக்கு அந்தப் பக்கம் தொப்பி.

அந்தக் கோட்டுப் பைக்குள் என்ன வைத்திருக்கிறான்? கத்தியா? விரல் தானாகக் காதுக்குப் பின்னால் போனது. ஓர் அழுத்தம் போதும். ஆறு பேரும் வந்து நின்று ஊரைக் கூட்டிவிடுவார்கள். ஆனால் டைட்டன் போய்விடும். விரலை இழுத்து மடக்கிக்கொண்டு செங்குத்தான ஒரு சந்தில் ஏறினாள். மேலே முட்டுச் சந்து. ஒரு பழைய தேவாலயம், பூட்டிய கதவு. பின்னால் காலடிச் சத்தம். சரி, கத்தியோ கட்டாரியோ முகத்தைப் பார்த்தே வாங்கிக்கொள்வோம் என்று திரும்பினாள்.

அந்த நேரம் பார்த்துக் கோபுரத்தில் மணி அடித்தது. நெட்டை மனிதன் சட்டென்று நின்றான். தொப்பியைக் கழற்றினான். கண்ணை மூடி, இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டான்.

போர்ட்டோவில் எந்த வெள்ளைக்காரன் கன்னத்தில் போட்டுக்கொள்வான்?

பையிலிருந்து வெளியே வந்துவிட்ட அந்தக் கையின் மணிக்கட்டில் நீல நாடா இருந்தது. வாடகை மேனி! வீட்டை விட்டு நகர முடியாதவர்கள் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்று ஐரோப்பிய நகரங்களில் இயந்திர உடல்களை வாடகைக்கு விடுகிறார்கள். இங்கே கட்டிலில் படுத்துக்கொண்டு அங்கே நடக்கலாம், பேசலாம், கொஞ்சம் கூடக் கொடுத்தால் ருசி பார்க்கவும் செய்யலாம். நீல நாடா கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். உள்ளே யார் இருந்தாலும் பேச ஆரம்பித்தவுடன் முத்திரை கண்டுபிடித்துவிடும்.

பயம் போகவில்லை, வேறு பயமாக மாறியது. திருடன் என்றால் பர்ஸோடு போகும். சொந்தக்காரர் என்றால் டைட்டனே போய்விடும். 'சாப்ட்டியா' என்று ஒரு வார்த்தை போதும். அவள் குடும்பத்தில் அந்த ஒரு வார்த்தையை அடக்கிவைத்து யாரும் அரை நாள் உயிரோடு இருந்ததில்லை.

ஒரே தாவலில் தொப்பிக்காரனைத் தாண்டி ஓடினாள்.

கீழ்ச் சதுக்கத்தில் நீல நாடா கட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை உதட்டில் படாமல் உயரத் தூக்கி, அண்ணாந்து கடகடவென்று ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்படிக் குடிப்பது சிங்கப்பூர் அத்தைதான்! உலகம்மையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, வாய் திறந்தது. பின்னால் ஓடிவந்த தொப்பிக்காரன் நாக்கைக் கடித்துக்கொண்டு, விரலை ஆட்டி, 'மூச்' என்று சைகை காட்டினான். பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடக்குகிறார்கள்தான், எவ்வளவு நேரம் அடக்குவார்கள்? உலகம்மை நம்பவில்லை. மதியம் முழுக்க ஒளிந்தாள். ஒரு சலவைக் கடையில் துணிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். டிராம் ஏறி அடுத்த நிறுத்தத்திலேயே குதித்தாள். எங்கே போனாலும் தொப்பியின் நிழல் தெரிந்தது. கோபம் கோபமாக வந்தது. ஒரு பகல், வாழ்க்கையில் ஒரே ஒரு பகல் கேட்டேன், அதைக்கூடத் தர மாட்டீர்களா என்று ஓடிக்கொண்டே அழுதாள்.

அப்போதுதான் ஆறு நினைவுக்கு வந்தது. டோரோ ஆற்றின் நடுவோடு போர்ட்டோவின் எல்லை முடிகிறது. அக்கரை வேறு நகரம். வாடகை மேனிக்கு ஊர் எல்லையைத் தாண்ட அனுமதி கிடையாது, தாண்டினால் அப்படியே உறைந்து நின்றுவிடும்.

படித்துறையை நோக்கி இறங்கினாள். செங்குத்தான படிகள். மேலிருந்து தொப்பிக்காரனும் பார்த்துவிட்டான். ஓடுவதற்கு முன்னால் அவன் ஒரு காரியம் செய்தான். தோளில் இல்லாத ஒன்றை இழுத்து, இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, அழுத்திச் செருகினான். சேலைத் தலைப்பைச் செருகுகிற மாதிரி.

"அம்மா" என்றாள் உலகம்மை, சத்தம் வராமல்.

படகு கிளம்பிக்கொண்டிருந்தது. தாவி ஏறிக் காதைப் பொத்திக்கொண்டாள். நெட்டை மனிதன் தண்ணீரின் விளிம்பில் வந்து நின்றான். வாயைத் திறந்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று உலகம்மை கண்ணை மூடினாள். முத்திரை முறியவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் வாயை மூடியிருந்தான். கையை மட்டும் பாதி உயர்த்தி, பிறகு இறக்கிக்கொண்டான். உலகம்மை காதிலிருந்து கையை எடுத்தாள். ஆனாலும் படகைத் திருப்பச் சொல்லவில்லை.

அக்கரையில் அவளைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தணலில் சுட்ட மத்தி மீனை வாங்கி, முள் எடுக்கச் சொல்ல ஆளின்றித் தானே எடுத்துத் தின்றாள். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருந்தது. அப்பட்டமான சந்தோஷம். ஜெயித்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

வெயில் சாய்ந்தது. எதிர்க்கரையின் குன்று முழுக்க, அடுக்கடுக்கான வீடுகளின் மேல், பொன்னிற வெளிச்சம் விழுந்தது. ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. சிவப்பு ஓட்டுக் கூரைகள், இரும்புப் பாலம், ஆறு எல்லாமே ஒரே நிறமாயின.

"அய்யோ!" என்றாள் வாய்விட்டு. "பாரேன்!"

யாரும் பார்க்கவில்லை. வலப்பக்கம் ஒரு மீனவர் வலைமேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் ஒரு பூனை மீன் முள்ளோடு போராடிக்கொண்டிருந்தது. உலகம்மை மறுபடி குன்றைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ குறைந்தது. தான் பார்ப்பது பார்த்த கணக்கில் சேருமா என்று சந்தேகம் வந்தது. மீனவரின் தோளைத் தட்டினாள். அவர் புரண்டு படுத்துக்கொண்டார். உள்ளுக்குள் ஏதோ நமநமவென்று அரித்தது. விரல் காதுக்குப் பின்னால் போனது. இடது கையால் வலது கையைப் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டாள். வெளிச்சம் இன்னும் சிவந்தது. போய்விடும், யாரும் பார்க்காமலே போய்விடும்.

அழுத்திவிட்டாள்.

மணிக்கட்டில் முத்திரை பட்டென்று முறிந்தது. எதிர்க்கரையில், போர்ட்டோ பக்கம், வாடகை மேனிக்குள் இருந்தபடியே செண்பகவல்லி மகளின் கண்ணுக்குள் ஓடிவந்தாள்.

"ஐயோ, ஏம்ட்டி தொறந்த? மூடு, மூடு! இன்னும் கொஞ்ச நேரந்தாம்லா!"

"அம்மா, இதப் பாரேம்மா. நீ நிக்கிற எடத்துலேர்ந்து இது தெரியாது."

"நாள் பூரா வாயப் பொத்திக்கிட்டுத் திரிஞ்சேனேட்டி. ஒரு வார்த்தை பேசினேனா? உன்னத் தனியா விட மனசு கேக்கல, வந்தேன். ஆனா பேசினேனா?"

"பேசலம்மா" என்று அழுதாள் உலகம்மை. "நாந்தாம்மா."

அதற்குள் கண்ணில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "தாயி, அசையாம நில்லு. படம் எடுத்துக்கிடுதேன்" என்றார் பெரியப்பா. "பாலம் மறைக்கி, கொஞ்சம் வலது பக்கம் போ" என்றாள் அத்தை. உலகம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு, இமைக்காமல், கேமரா முக்காலி போல் நின்று காட்டினாள். பெரியப்பா தன் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினார். சம்பந்தி அலுவலக நண்பர்களுக்கு அனுப்பினார். எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற எண் கண்ணின் ஓரத்தில் ஏறிக்கொண்டே போனது. எல்லோரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகம்மையும்தான். அது ஒரு வழியாக நின்றபோது நிமிர்ந்து பார்த்தாள். சூரியன் போயிருந்தது. எதிரே சாதாரண வீடுகளில் சாதாரண விளக்குகள் எரிந்தன.

ஆணையத்திலிருந்து வந்த செய்தி மரியாதையாகவே இருந்தது. இந்தத் தேர்வில் அச்சத்தால் விழியைத் திறந்தவர் இதுவரை எவரும் இல்லை என்றும், பசியாலும் வழி தெரியாமலும் திறந்தவர்கூட இல்லை என்றும், தோற்ற அனைவரும் ஏதோ ஓர் அழகான காட்சிக்கு எதிரே நின்றே தோற்றார்கள் என்றும், எனவே வருந்த வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

டைட்டனுக்கு அந்த ஆண்டும் இயந்திரம்தான் போனது. எந்த மனிதக் கண்ணும் பார்த்திராத ஏரியின் கரையில் அது நின்றது. அலைகளைப் பார்த்தது. 'பாரேன்' என்று யாரையும் கூப்பிட அதற்குத் தோன்றவில்லை. முழுக்கப் பார்த்து முடித்துவிட்டு, தன் வேலையைக் கவனிக்கப் போனது.