வாசல் நிலையில் இருந்த சிமிழ்

தீ அபாய மணி அலறியபோது பேனாட் இரண்டாவது மீன் பற்றிஸில் பாதியைக் கடித்திருந்தான். அப்படியே எழுந்து கதவை நோக்கி ஓடினான்.

“விழுந்து காலை முறிக்காதை. பக்கத்து வீட்டுத் தவமணியக்கா மிளகாய் வறுக்கிறா, மணக்கேல்லையே?” என்றார் மரியரட்ணம். தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாகப் படியிறங்கினார்.

ஒரு காலத்தில் கொழும்பில் துப்பறியும் பிரிவில் இருந்தவர் அவர். இப்போது ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக எரிந்த கடைகளையும் இடிபட்ட கார்களையும் பார்த்து, பொய் எது, மெய் எது என்று சொல்கிறார். பேனாட் ரக்சி ஓட்டுகிறான். ஆனால் யாராவது கேட்டால் தன்னை மரியரட்ணத்தாரின் உதவியாளன் என்றுதான் சொல்லிக்கொள்வான்.

கீழே, வாவியிலிருந்து ஏறிவந்த பனிமூட்டம் பார்க்டேல் தெருவை நனைந்த பஞ்சுபோல மூடியிருந்தது. சாரத்தோடும் இரவுச் சட்டையோடும் நின்ற சனத்துக்குள்ளிருந்து ஒரு பெண் நேராக அவர்களிடம் வந்தாள்.

“மரியரட்ணம் அங்கிளோ? என்னைக் கள்ளி எண்டு சொல்லுகினம். நீங்கள்தான் பாக்கவேணும்.”

அவள் பெயர் நிலாணி. மோர்னிங்சைட்டில் சிநேகிதிகளோடு அறை எடுத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கோடையில் ஞாயிறுதோறும், கென்சிங்ரன் சந்தைப் பகுதியில் ஆட்களை நடத்திக் கூட்டிச் சென்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்து குடியேறிய யூதர்களின் கதையைச் சொல்வது அவள் வேலை. தொழுகைக் கூடம், தையல் பட்டறைகள் இருந்த இடம், கோழிக்கடைகள் இருந்த ஒழுங்கை என்று போய், கடைசியில் ஒரு சிவப்புச் செங்கல் வீட்டு வாசலில் அந்த நடை முடியும்.

“அந்த வாசல் நிலையிலை வலப்பக்கம் ஒரு சிமிழ். விரல் நீளம்தான், கொஞ்சம் சாய்ச்சு அடிச்சிருக்கும். உள்ளுக்கு வேதவாக்கியம் எழுதின தோல் சுருள். மெஸூஸா எண்டு சொல்லுவினம். நடையை நடத்துற மிஸிஸ் ஸில்பர் அந்த வீட்டிலைதான் பிறந்தவ. அவவின்ரை தகப்பன் பூட்டினது. போன ஞாயிறு நான் ஆக்களுக்குக் காட்டேக்கை இருந்தது, புதன்கிழமை அவ போய்ப் பாத்தால் இல்லை.”

“இப்ப அந்த வீட்டிலை ஆர் இருக்கினம்?”

“எங்கட பெரியப்பாவும் பெரியம்மாவும்தான், வாடகைக்கு. பெரியம்மா தனக்கு ஒண்டும் தெரியாது எண்டு போனிலை சொல்லிப்போட்டா. நான் போய்ப் பாக்கவும் விடேல்லை. பெயின்ற் அடிச்சிருக்கு, மணக்குது, உனக்கு அடுத்த கிழமை சோதினை, அது முடிய வா எண்டா.”

“அப்ப கள்ளி எண்ட கதை எப்படி வந்தது?”

“உது நல்ல விலை போகும் எண்டு ஆக்களுக்குச் சொன்னது நான்தானே! ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் வந்து சேராட்டில் வேலையும் இல்லை, பொலிசுக்கும் சொல்லுவம் எண்டு நடைக் கொமிற்றியிலை சொல்லிப்போட்டினம். எனக்கு இந்த நாட்டிலை இருக்கிறதுக்கு இன்னும் பேப்பர் சரிவரேல்லை, அங்கிள். பொலிஸ் எண்டு வந்தால் எல்லாம் போச்சு. அப்பா கிளிநொச்சியிலை தனிய இருக்கிறார். அவரை இங்கை கூப்பிடத்தான் இவ்வளவு பாடும்.”

“அப்பாவின்ரை ஆக்கள் வேறை ஆரும்?”

“பெரியப்பா மட்டும்தான். அப்பப்பா, அப்பாச்சி எல்லாம் நான் பிறக்க முதலே போயிட்டினம்.”

தேநீரின் கடைசி மிடறைக் குடித்துவிட்டு மரியரட்ணம் பேனாட்டைப் பார்த்தார். அவன் ஏற்கெனவே ரக்சியை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

கென்சிங்ரனில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பனிமூட்டத்துக்குள் மீன்கடையின் ஐஸ் பெட்டிகள் மெல்லிய நீலமாய் ஒளிர்ந்தன. பழைய தொழுகைக் கூடத்தின் சின்னக் கூம்புகள், நிலத்தைத் தொடாமல் அந்தரத்தில் மிதப்பதுபோல் இருந்தன. நிலாணி பழக்கத்தில் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்தக் கடை இருக்கும் இடத்தில் அந்தக் காலத்து வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் பாண் வேகும். அந்த மாடியில் ஒரு தையற்காரன் பாடுவான். கேட்கக் கேட்க, அவன் குரல் எங்கோ ஒரு யன்னலிலிருந்து வருவதுபோல் பேனாட்டுக்குப் பட்டது. தலையை உதறிக்கொண்டான்.

“அண்ணை, உது பழைய சாமான் கடைக்காரன்ரை வேலைதான். எழுதி வையுங்கோ.”

“நீ முதல் றோட்டைப் பார்.”

வாசலில் மரியரட்ணம் நெடுநேரம் குனிந்து நின்றார். மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆணித் துளைகள் இரண்டும் வெள்ளைப் பஞ்சால் பக்குவமாக அடைக்கப்பட்டிருந்தன. சிமிழ் இருந்த இடத்தைச் சுற்றி மங்கலான மஞ்சள் கறை.

“சந்தனம். பெரியம்மா வெள்ளிக்கிழமையிலை சாமியறையிலை விளக்கு வைச்சிட்டு வந்து உதுக்கும் பொட்டு வைப்பா. வாசலைக் காக்கிற சாமியாம். மிஸிஸ் ஸில்பர் முதல்முறை கண்டிட்டு விழுந்து விழுந்து சிரிச்சவ,” என்றாள் நிலாணி.

கதவைத் திறந்தவர் பெரியப்பா நவரட்ணம். சில நாள் நரைத்தாடி. நிலாணியைக் கண்டதும் அவருடைய கை கதவிலேயே நின்றுவிட்டது.

“என்ன பெரியப்பா, தாடி? சாமியாராகப் போறியளோ?”

“பிளேட் வெட்டிப்போட்டுது, பிள்ளை.”

உள்ளே பெயின்ற் வாடை கொஞ்சமும் இல்லை. சாமியறைக்கு இழுத்துவிட்ட திரை. வெள்ளிக்கிழமை மாலை, ஆனால் விளக்கு இல்லை, ஊதுபத்தி இல்லை. பெரியம்மா கமலாம்பிகை வந்து நிலாணியின் தலையை ஒருமுறை தடவிவிட்டுச் சட்டென்று குசினிக்குள் போனாள்.

மரியரட்ணம் கதிரையில் அமர்ந்து கண்ணாடியைத் துடைத்தார். அதே கண்ணாடியைத் திரும்பவும் துடைத்தார். இந்தத் தயக்கத்தைப் பேனாட் அவரிடம் முன்பு கண்டதில்லை.

“பேனாட், பிள்ளையை வெளியிலை கூட்டிக்கொண்டு போய் ஒரு கோப்பி வாங்கிக் குடு.”

“நான் போகேல்லை. கள்ளி எண்டது என்னை. எனக்கு முன்னாலை சொல்லுங்கோ,” என்றாள் நிலாணி.

அவர் பெருமூச்சு விட்டார். “களவெடுத்தவன் இழுத்துப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான், பஞ்சு வைச்சு ஓட்டை அடைக்கமாட்டான். திரும்பப் பூட்ட இருக்கிற ஆக்கள்தான் அப்படிச் செய்வினம். அக்கா, சிமிழ் எங்கை?”

குசினி வாசலில் கமலாம்பிகை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “பக்கத்து வீட்டுப் போர்த்துக்கேய மனிசியிட்டை. அவதான் கழட்டினவ. நாங்கள் தொடேல்லை.”

நிலாணி துள்ளி எழுந்தாள். “பெரியம்மா! ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் எனக்கு உந்தப் பேர் வந்திருக்காதே?”

“சொன்னால் ஏன் கழட்டினது எண்டு கேப்பீர். அதுக்குப் பயந்துதான் அவ பேசேல்லை,” என்றார் மரியரட்ணம். “யூதர் வீட்டிலை சாவு எண்டாலும் உது வாசலிலைதான் இருக்கும். சாமி எண்டு கும்பிட்ட சைவச்சனம்தான், சாவுத் தீட்டு, துடக்குப் பட்டுப்போம் எண்டு பயந்து துடக்கில்லாத வீட்டிலை குடுத்து வைக்கும். விளக்கும் ஏத்தேல்லை. அண்ணையும் சவரம் செய்யேல்லை.”

“துடக்கோ?” நிலாணி சிரிக்கப் பார்த்தாள். “ஆருக்கு? பெரியம்மாவின்ரை ஆக்களோ?”

“அவவின்ரை பக்கம் எண்டால் அண்ணை தாடி வளக்கத் தேவையில்லை, பிள்ளை. உம்மட்டை மறைக்கவும் தேவையில்லை.”

அப்போதுதான் பேனாட்டுக்கு உறைத்தது. பெரியப்பாவின் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்டேல் தெருவில் வைத்து அவளே சொல்லியிருந்தாள். எதையாவது பேசி அறையை நிரப்பிவிட வேண்டும்போல் இருந்தது. யன்னலைப் பார்த்தான். யன்னலுக்கு வெளியே பனிமூட்டம் தெருவை முழுதாக விழுங்கியிருந்தது.

நிலாணி மெல்லத் திரும்பினாள்.

“பெரியப்பா, ஆர் செத்தது?”

நவரட்ணம் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“உன்ரை அப்பாதான், பிள்ளை... சோதினை முடியுமட்டும் நீ சிரிச்சுக்கொண்டு இருக்கவேணும் எண்டுதான் பொத்தி வைச்சனாங்கள்.”