காத்திருப்பு அறையில் கேட்ட குரல்

காலை பத்தரை. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. கன்னம் வீங்கிய ஒரு பெண் திடீரென்று எழுந்தாள். கூரையில் பதித்திருந்த ஸ்பீக்கரை வெறித்துப் பார்த்தாள். பிறகு குப்பைக்கூடை மேல் குனிந்து வாந்தியெடுத்தாள்.

"நிறுத்துங்க," என்றாள் நிமிர்ந்து. "அது என் குரல்."

கடைசி நாற்காலியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த கமா தலைதூக்கினாள்.

கமா என்பது ஆபீசில் வைத்த பட்டப்பெயர். ஒரு காற்புள்ளி பிசகினாலும் கடித்துக் குதறுவாள். அவள் வேலை கையேடு எழுதுவது. ஆனால் அதை மனிதர்கள் படிப்பதில்லை. அந்த மருத்துவமனையில் அப்பாயின்ட்மென்ட் கொடுப்பது ஓர் ஏ.ஐ. ஏஜென்ட். அறையில் என்ன இசை ஓடவேண்டும் என்று தீர்மானிப்பதும் அதுதான். அதற்குப் பாட்டு எடுத்துக்கொடுக்கும் கருவியைக் கமாவின் ஆபீஸ் கட்டியிருந்தது. ஏஜென்டுக்குக் காது கிடையாது. பாட்டோடு ஒட்டியுள்ள குறிப்பைப் படிக்கும். கமாவின் கையேடு சொல்கிறபடி நடக்கும். ஊரில் பல இடங்களில் வெள்ளோட்டம் நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தாள்.

பாட்டை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாகப் படிக்கட்டுக்குக் கூட்டிவந்தாள்.

"நான் தையல் டீச்சருங்க. அது மேடையில பாடினது இல்ல. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ அவர் காதுகிட்ட முனகினது. நான் வீட்டுக்குப் போற நேரத்துல கேக்கணும், பதிவு பண்ணி வைன்னு அவரேதான் சொன்னார். அவர் போனதுக்கப்புறம் நானே அதைக் கேட்டதில்ல."

"அறையில வேற என்ன சத்தம் இருந்துச்சு?"

"வேற என்ன, மெஷின் டிக் டிக்குனு அடிச்சுக்கிட்டே இருக்கும்."

"போனை யார்கிட்டயாவது கொடுத்தீங்களா?"

"பழைய போன், சார்ஜ் நிக்கல. அவர் படமெல்லாம் போயிடுமேன்னு கொழுந்தன்கிட்ட கொடுத்தேன், காப்பி எடுக்க. பாட்டுக் கம்பெனியில புரோகிராம் எழுதறவன்." அவள் சொன்னது கமா வேலை பார்க்கும் கம்பெனியேதான்.

அந்தக் குரலைக் கேட்டபடி எத்தனை பேர் பல் குடைய, ரத்தம் கொடுக்க, முடி வெட்டக் காத்திருந்தார்களோ!

லேப்டாப்பில் பாட்டை ஹெட்போன் வைத்துக் கேட்டாள். வெறும் குரல். தாளம் இல்லை, வாத்தியம் இல்லை, பின்னால் ஒரு பொட்டுச் சத்தம்கூட இல்லை. அது வியப்பில்லை. எந்த ஒலியை ஏற்றினாலும் மின்விசிறி, ஏசி, மெஷின் இரைச்சலையெல்லாம் சலித்துவிட்டுத்தான் கருவி வெளியே விடும். கையேட்டில் அந்தப் பக்கத்தை எழுதியவளே அவள்தான். பாட்டு பாதி மூச்சில் அறுந்து நின்றது. குறிப்பில் இப்படி இருந்தது: "பெண் குரல். சொற்கள் இல்லை. சீரான மெல்லிய தாளம். காத்திருப்போரை அமைதிப்படுத்தும்."

கமா அதை இரண்டு முறை படித்தாள்.

பதினொன்றரை. டீச்சரையும் கூட்டிக்கொண்டு கமா ஆபீசுக்கு வந்தாள். டயர் கடைக்கு மேலே ஆபீஸ். படியேறும்போதே ரப்பர் நாற்றம். பாட்டை ஏற்றும் பாஸ்வேர்டு ஒன்றேதான். அது தெரிந்தவர்கள் மூவர்: கொழுந்தன், சவுண்டுக்காரர், முதலாளி.

அண்ணியைப் பார்த்ததும் கொழுந்தன் பதறி எழுந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது.

"தம்பி, போன் எங்க இருந்துச்சு?" என்றாள் கமா.

"என் மேசையிலதான், சார்ஜ்ல போட்டிருந்தேன். ரெண்டு நாள். படத்தை மட்டும்தான் எடுத்தேன். அந்தப் பதிவைத் திறக்கவே இல்லக்கா. எனக்குத் தெம்பில்ல. அந்தக் கட்டில் பக்கத்துல எத்தனை ராத்திரி உக்காந்திருக்கேன்!"

அடுத்தது, பாட்டுகளை வெட்டிச் சீர்செய்யும் சவுண்டுக்காரர். கமா ஹெட்போனை நீட்டினாள். முடிவு வந்ததும் அவர் முகம் கோணியது.

"யாரும்மா இதை வெட்டினது? அரிவாளால போட்ட மாதிரி இருக்கு. நான் தொட்டிருந்தா குரலைக் கொஞ்சம் கொஞ்சமா அடக்கி இறக்கியிருப்பேன்."

கண்ணாடி அறையிலிருந்து முதலாளி வந்தார்.

"ஏம்மா கமா, இருபதாயிரம் பாட்டு இருக்கு. நான் எதையும் காதுல வாங்கினதில்ல. எனக்கு வேண்டியது எண்ணிக்கை மட்டும்தான்." குரலைத் தாழ்த்தினார். "வீட்டுத் திருடனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடறீங்களே. போன் யார் கையில இருந்துச்சு?"

கொழுந்தன் தலைகுனிந்தான். டீச்சர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, அது போகட்டும் சார். கையேட்டுல ஒரு பக்கம் பாக்கி. பாட்டை எங்க வெட்டணும்னு எழுதணும். இது பாதி மூச்சுல நிக்குதே, தப்பு இல்லையா?"

"தப்பு என்ன? அதுக்கு மேல தாளம் கெட்டுப்போகுது. கீச்சுனு ஒரே நீளமா இழுக்குது. அதையும் சேத்துப் போட்டா எவன் கேப்பான்?"

கொழுந்தன் தலை நிமிர்ந்தான். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று புரிய முதலாளிக்குச் சற்று நேரம் பிடித்தது.

"எதையும் கேட்டதில்லன்னீங்க," என்றாள் கமா. "ஸ்பீக்கர்ல கேட்ட யாருக்கும் இதுல தாளம் கேக்காது சார். மெஷின் சத்தத்தைக் கருவி சலிச்சிடும். சலிக்கறதுக்கு முன்னாடி, போன்லயே கேட்டவங்கதான் குறிப்புல தாளம்னு எழுத முடியும். தம்பி எழுதலை, அது என்ன சத்தம்னு அவனுக்குத் தெரியும். சவுண்டு அண்ணன் வெட்டலை, அவர் கை இப்படிக் கசாப்பு போடாது. மிச்சம் இருக்கறது நீங்க. ஏற்றினதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னு கையேட்டைப் படிச்சிருந்தா, அந்த வார்த்தையை எடுத்திருப்பீங்க. நீங்கதான் ஒரு பக்கம்கூடப் படிச்சதில்லையே!"

டீச்சர் முதலாளிக்கு முன்னால் வந்து நின்றாள். வீங்கிய கன்னத்தோடு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அது தாளம் இல்லைங்க. அவர் நெஞ்சுத் துடிப்பு. நீளமா இழுத்ததுன்னீங்களே, அப்போதான் அவர் போனார். எனக்குத் தெரியல. நர்ஸ் ஓடி வர்ற வரைக்கும் நான் பாடிக்கிட்டேதான் இருந்தேன்."

சவுண்டுக்காரர் ஹெட்போனைத் தேள் கொட்டியதுபோல மேசையில் போட்டார்.

முதலாளி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "எனக்கெப்படிம்மா தெரியும்? கஸ்டமரெல்லாம் இயல்பா ஒரு மனுஷக் குரல் வேணும்னு நச்சரிச்சாங்க. போன் கண்ணெதிர்ல கிடந்துச்சு." பிறகு, ஏதோ நல்லது நினைவுக்கு வந்தவர்போல முகம் மலர்ந்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன், இதுமாதிரி ஓடின பாட்டே நம்மகிட்ட இல்ல. உங்க பேரையும் போட்டுடலாம். ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க."

சாக்கடையில் விழுந்தவன்கூட மூக்கைப் பொத்துவான். இந்த ஆள் அதிலேயே உட்கார்ந்துகொண்டு விலை பேசுகிறார்.

கமா லேப்டாப்பைத் திறந்து முதலில் அந்தப் பாட்டை நீக்கினாள். பிறகு கையேட்டின் முதல் பக்கத்தில், முதல் வரிக்கும் மேலே தட்டினாள்: "யார் பாடியது, பாடியவர் சம்மதித்தாரா என்ற விவரம் இல்லாத எந்தப் பாட்டையும் ஒலிக்காதே."

ஏஜென்டுகள் படித்தன, சொன்னபடி நடந்தன. சில நிமிடங்களில் முதலாளியின் போன் அடித்தது. பிறகு ஆபீஸ் போன். பிறகு இரண்டும் சேர்ந்து. பல் மருத்துவமனை, ரத்தப் பரிசோதனை நிலையம், சலூன், எல்லா இடத்திலும் பாட்டு நின்றுபோயிருந்தது. இருபதாயிரம் பாட்டில் சம்மதத்தோடு வந்தது ஒன்றுகூட இல்லை.

"என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று கத்தினார் முதலாளி.

"இப்பவாவது படிங்க சார். முதல் வரிதான்."

முதலாளியை அங்கேயே விட்டு மற்ற நால்வரும் படியிறங்கினார்கள். டயர் கடை வாசலில் கொழுந்தன் நின்றுவிட்டான்.

"அண்ணி, நான்தான் போனை அங்க வச்சேன்."

"வச்சது தப்பு இல்லடா. வச்ச இடம்தான் தப்பு." அவள் அவன் தோளைப் பிடித்துத் தெருப்பக்கம் திருப்பினாள். "நட. போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்னு சொல்லு."