ஒன்பதாவது டிக்கெட்

பூட்டிய மேசை இழுப்பறைக்குள் கிடந்த டிக்கெட்டுகளில் ஓட்டை விழுந்திருந்தது.

அமல்ராணி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தடித்த அட்டையின் ஓரத்தில், அந்தக் காலத்துப் பரிசோதகர் வெட்டியது போல, சுத்தமான ஒரு சின்ன வட்டம். இப்போதெல்லாம் யார் ஓட்டை போடுகிறார்கள்? பேனாவால் ஒரு கிறுக்கல், அதோடு சரி. அதுவும் ரயிலில் போன டிக்கெட்டுக்குத்தான். இவை இந்த மேசையை விட்டு வெளியே போனதே இல்லை. சாவி அவள் கழுத்துச் செபமாலையோடு தொங்குகிறது.

வெளியே ஐப்பசி மழை. மணி ஐந்தரைதான் ஆகியிருந்தது, அதற்குள் பிளாட்பாரம் கறுத்துவிட்டது. தகரக் கூரையில் நீர் விழும் சத்தத்துக்கு அடியில், பெஞ்சுப் பக்கமிருந்து யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. எட்டிப் பார்த்தாள். பெஞ்சில் யாருமில்லை. ஈரச் சாக்கின் நெடியும் பழைய மல்லாட்டைக் கடலையின் சிக்கு வாடையும் மட்டும் அங்கே நின்றன.

மல்லாட்டை மூட்டை இங்கே ஏறி நாற்பது வருஷம் ஆகியிருக்கும். அப்போது நுணாப்பாக்கம் மாஸ்டரும் போர்ட்டரும் இருந்த முழு ஸ்டேஷன். இப்போது விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஒரு ஹால்ட். எக்ஸ்பிரஸ்கள் முகத்தில் காற்றடித்துவிட்டுப் போகும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, பாசஞ்சர் ரயில் ஒரு நிமிடம் நிற்கும். டிக்கெட் கொடுக்கிற ஏஜெண்ட் அமல்ராணி.

டிக்கெட் குறைந்தால் அந்த ஒரு நிமிடமும் போய்விடும் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். அதனால் ஊரில் முறை வைத்து, வாரம் ஒரு வீடு டிக்கெட் வாங்கியது. வாங்குவார்கள், போக மாட்டார்கள். நாளடைவில் ஷேர் ஆட்டோ வந்தது, முறை விட்டுப் போனது. அமல்ராணியால் விட முடியவில்லை. மகள் ஜெசி விழுப்புரத்தில் நர்சிங் படிக்கிறாள். இந்த ரயில் நின்றால்தான் அவள் இருட்டுவதற்குள் வீடு சேர முடியும்.

ஆகவே தினமும் சாயங்காலம், திண்டிவனத்துக்கு எட்டு டிக்கெட்டை அவளே எடுத்துத் தேதி குத்தி மேசைக்குள் போட்டாள். யாருக்குமே இல்லாமல் டிக்கெட் போடக் கை கூசியது. பின்பக்கம் பென்சிலால் பேர் எழுதினாள். உயிரோடு இருப்பவர் பேர் என்றால் நாளைக்கே வம்பு. அதனால் கல்லறைத் தோட்டத்திலிருந்து எட்டுப் பேர். முதல் பேர், ஸ்டேஷனின் கடைசிப் போர்ட்டர் அப்பாதுரை. ஆன்மாக்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது மாதிரிதானே, என்ன தப்பு என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

தினம் ஏறும் வாத்தியார் ஒருவர் மாற்றலாகிப் போய்விட்டதால், அந்தக் குறைக்கு இன்று ஒன்று கூட்டி ஒன்பது. ஒன்பதாவதில் இன்னும் பேர் எழுதவில்லை.

செல்போன் அடித்தது.

"அம்மா, விக்கிரவாண்டி தாண்டிட்டோம்மா. இன்னைக்கு நம்ம ஊர்க்காரங்க எட்டுப் பேரு என்னைச் சுத்தி உக்காந்துகினு இருக்காங்க."

"நம்ம ஊர்ல யாருடி?"

"தெரியலம்மா. ஒருத்தர் அப்பாதுரைன்னாரு. டெய்லி நீதான் டிக்கெட் குடுக்குறியாம். போறதுக்குக் குடுக்குற, திரும்பி வர்றதுக்குக் குடுக்க மாட்டேங்குறேன்னு சொல்லிச் சிரிக்கிறாரு."

அமல்ராணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஜெசி, எழுந்து வேற பொட்டிக்குப் போ. ஜல்தியா."

"கால நகத்தவே இடமில்லம்மா. நடுவுல உக்கார வெச்சிருக்காங்க. எல்லார் துணியும் சில்லுன்னு மண்ணு வாடை அடிக்குது. அம்மா, இன்னைக்கு ஒம்பது டிக்கெட்டாமே. ஒண்ணுல பேரு இல்லியாம். அது எனக்கான்னு கேக்குறாரு."

லைன் அறுந்தது. திரும்ப அழைத்தாள். போகவில்லை.

ஒன்பதாவது டிக்கெட்டை எடுத்தாள். ஓட்டை இல்லை. ஆனால் ஓரத்தில் ஒரு வட்டத் தழும்பு. அவள் பார்க்கப் பார்க்க ஆழமாகிக்கொண்டிருந்தது. கிழிக்கப் பார்த்தாள். கிழியவில்லை. பல்லால் கடித்தாள். கிழியவில்லை.

பென்சிலை எடுத்தாள். செத்துப்போன புருஷன் பேரை எழுதினாள், தேவசகாயம். பதியவில்லை. அம்மா பேர். பதியவில்லை. தெரிந்த பிணம் ஒவ்வொன்றாக எழுதினாள். ஈர அட்டை எதையும் வாங்கவில்லை.

தூரத்தில் ஹாரன்.

அமல்ராணி என்று எழுதினாள்.

கறுப்பாகப் பதிந்தது.

டிக்கெட்டைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடினாள். ரயில் வந்தது. நின்றது. மூன்றாவது பெட்டியிலிருந்து ஜெசி இறங்கினாள். தோளில் பை. கையில் குடை. முழுசாக. பெற்ற வயிறு குளிர்ந்தது.

"ஜெசி."

மகள் திரும்பவில்லை. அவளைக் கடந்து போய் ஆபீஸ் கதவைத் தள்ளினாள். காலி நாற்காலியைப் பார்த்து, "அம்மா?" என்றாள்.

அமல்ராணி கையை நீட்டினாள். விரலில் இரும்பு பட்டது. ஜன்னல் கம்பி. பெட்டிக்கு உள்பக்கத்துக் கம்பி.

கார்டு விசில் ஊதினார். பிளாட்பாரம் நகர்ந்தது. மழையில் ஜெசி செல்போனைக் காதில் வைத்து நின்றாள். மேசை மேல் அம்மாவின் போன் அடிப்பது தேய்ந்துகொண்டே போனது.

கையை விரித்தாள். டிக்கெட்டில் ஓட்டை. வெட்டிய வட்டத் துண்டு உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.

எதிர் இருக்கையில் ஈரச் சாக்கு வாடை. அப்பாதுரை தொண்டையைச் செருமினார்.

"நாளையிலேருந்து கவுண்டர்ல உன் பொண்ணு தான உக்காரும்?"

கேட்டுவிட்டு அவர் சற்று நகர்ந்தார். அவர் பக்கத்தில் இன்னும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.