எதிர் வரிசையின் பதில்

வாசகர்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். கதை எழுதுவது எனக்குப் புதிது. பெரியோர் புழங்கும் இடத்தில் நுழையத் துணிந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்பதையும் அறிவேன். சொல்லில் குறையிருந்தால் அது முழுவதும் என்னுடையதே.

அன்று பிற்பகல், செபத்துக்குப் பதில் வந்த இடம் சற்றே பிசகியிருந்தது.

அந்தப் பழைய தேவாலயத்தில், பீடத்துக்கு முன்னால் எதிரெதிராக அமர்ந்து, இடப்பக்க வரிசை ஓர் அடியைச் சொல்ல வலப்பக்க வரிசை மறு அடியைச் சொல்வது கன்னியர் மடத்தின் வழக்கம். வலப்பக்கம் 'ஆமென்' சொல்லி முடிக்காமல் இடப்பக்கம் எழுந்திருக்கக் கூடாது. வரிசைகள் நிறைந்திருந்த காலம் போய், மடத்தில் இப்போது இருவரே எஞ்சியிருந்தனர். அறுபதைக் கடந்தும் 'சின்னவள்' என்றே அழைக்கப்பட்ட சகோதரி இடப்பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தார். தேவாலயத்தை ஒட்டிய மாடி அறையில் படுத்த படுக்கையாகிவிட்ட பெரியக்கா, நோயாளிகளும் செபத்தில் சேரட்டும் என்று வலப்பக்கச் சுவரின் உயரத்தில் முன்னோர் வெட்டிவைத்த சிறு சன்னல் வழியே, இருமலும் இரைப்புமாகப் பதில் சொல்லிவந்தார்.

"என் பதில் வரலேன்னா மேல ஓடி வா. வந்துட்டிருந்தா உயிரோட இருக்கேன்னு வெச்சுக்கோ" என்று அன்று மதியம்கூடச் சிரித்திருந்தார்.

"போறப்ப என் கையைப் பிடிச்சுக்காம போயிடாதீங்கக்கா. என்னால தனியா தாங்க முடியாது."

"உன் கையா? ஐஸ்கட்டி மாதிரி இருக்குமே. அதுக்குப் பயந்தே ரெண்டு நாள் தள்ளிப் போடறேன், போடி."

இப்போது பதில் சன்னலிலிருந்து வரவில்லை. அதற்குக் கீழே, காலியான இருக்கைகளிலிருந்து வந்தது. அணைந்த மெழுகுத்திரியின் புகைநெடியும் மழையில் ஊறிய சுண்ணாம்பின் வாடையும் மூக்கில் ஏற, நோயாளிக்காகக் கண்விழித்த களைப்பு இமைகளைக் கீழே இழுக்க, இந்தச் சுவர்களில் குரல் எங்கெங்கோ முட்டித்தான் திரும்பும் என்று சின்னவள் தம்மைத் தேற்றிக்கொண்டார். பதிலில் இருமல் இல்லை. அக்காவுக்கு உடம்பு தேறுகிறது போலும். அந்த நிம்மதியில் அவர் மேலே போய்ப் பார்க்கவில்லை; அடுத்த அடியைச் சொன்னார்.

கூரை உத்தரத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த தச்சர் ஏணியிலிருந்து இறங்கி, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வரேன் சிஸ்டர். இத்தனை பேர் இருக்கீங்க, ஒருத்தருக்காவது ஒரு டீ குடுக்கணும்னு தோணுச்சா?"

"இருக்கறதே நாங்க ரெண்டு பேர்தானேய்யா. கிண்டலா?"

"நல்லாருக்கே! மேல உட்கார்ந்து கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்? எதிர் வரிசையில அவ்வளவு கூட்டமா சொன்னாங்க. டீத்தூள் மிச்சம் பிடிக்க ஆளையே மறைக்கறீங்களே!"

சிரித்தபடியே அவர் போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

சின்னவள் எதிரே பார்த்தார். இருக்கைகள் மட்டுமே இருந்தன. அவற்றின் மேல் தூசி கலையாமல் படிந்திருந்தது.

கடைசி அடியைச் சொன்னார். பதில் வந்தது. பல வாய்கள். உலர்ந்த வாய்கள். ஆமென் மட்டும் வரவில்லை. வலப்பக்கம் செபத்தை முதலிலிருந்து தொடங்கியது. எழ நினைத்தார்; பழகிய முழங்கால்கள் மறுத்தன. பழகிய நாக்கு தன் அடியைச் சொன்னது. மீண்டும் முடிந்தது. மீண்டும் தொடங்கியது. சன்னல்களில் வெளிச்சம் சாம்பலாகியது.

அப்போது அந்தக் குரல்களுக்கு நடுவே ஓர் இருமல்.

அவருக்குத் தெரிந்த இருமல்.

அதுவும் கீழிருந்தே வந்தது.

ஆமெனுக்குக் காத்திராமல் எழுந்தார். படிகளில் தடுக்கி விழுந்து, எழுந்து, ஏறினார்.

பெரியக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஒரு கை மட்டும் கட்டிலுக்கு வெளியே, எதையோ தேடி நீண்டபடி, விறைத்திருந்தது. உயிர் போய் நெடுநேரமாகியிருந்தது.

"அக்கா" என்று அலற வாய் திறந்தார். ஓசை எழவில்லை. மறுபடியும் திறந்தார். காற்றுகூட வரவில்லை.

கீழே, இடப்பக்கத்திலிருந்து, அவருடைய குரல் அடுத்த செபத்தைத் தொடங்கியது.

தேவாலயத்தைப் பார்த்த அந்தச் சிறு சன்னலருகே போனார். பார்க்காமல் இருந்திருக்கலாம். வலப்பக்கத்தில் இடைவெளியே இல்லை. தோளோடு தோளாக முக்காடுகள். ஓரத்தில் பெரியக்கா. இடப்பக்கத்தில் தனியாக ஒருத்தி, தலைகுனிந்து, முழந்தாளிட்டு, சலிப்பில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அடி முடிந்தது. பதில் சொல்லவேண்டிய முகங்கள் அனைத்தும், பதில் சொல்லாமல், மெல்லச் சன்னலை நோக்கி நிமிர்ந்தன.

அந்த மடம் அன்று இழந்தவை: பெரியக்கா. அவர் அருகே இருந்திருக்க வேண்டிய ஒரு பிற்பகல். சின்னவளின் குரல்.