ஒரு ஏக்கருக்கு மூன்று மா

பட்டியலை ஒட்டியதும் எல்லாரும் அறிவிப்புப் பலகையை நோக்கி ஓடினார்கள். இசைவாணி மட்டும் குழாயடியில் நின்று, நிரம்பியிருந்த தண்ணீர் பாட்டிலையே மறுபடியும் நிரப்பிக்கொண்டிருந்தாள். கூட்டம் குறையட்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளுக்குப் பயம்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளியில், ஆறாம் வகுப்புக்கு வருகிற எல்லாரும் ஒரு கணக்குத் தேர்வு எழுத வேண்டும். இருபது கேள்விகள், இருபது மதிப்பெண். பதினைந்தோ அதற்கு மேலோ வாங்கினால் படி மூன்று. பத்திலிருந்து பதினான்கு வரை படி இரண்டு. பத்துக்குக் கீழே போனால் படி ஒன்று. கணக்குப் பாடவேளையில் மூன்று படிக்காரர்களும் மூன்று அறைகளுக்குப் பிரிந்து போவார்கள். அரையாண்டுத் தேர்வு வரை அந்த அறைதான்.

இசைவாணி பட்டியலை மேலிருந்து படித்தாள். படி மூன்றில் அவளுடைய தோழி ஹுமைராவின் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை. படி இரண்டிலும் இல்லை. படி ஒன்றில், கடைசிக்கு முந்தைய வரியில் இருந்தது. மதிப்பெண் எட்டு.

"உன் மார்க்கைத் தப்பா எழுதிட்டாங்கடி" என்றாள் ஹுமைரா.

"இல்ல. நான்தான் தப்பா எழுதியிருப்பேன்."

ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. ஹுமைரா இடது கையால் எழுதுவாள். அதனால் எப்போதும் அவள் இடது ஓரத்தில், இசைவாணி அவளுக்கு வலப்பக்கம். இப்போது அந்த வலப்பக்கத்தில் வேறு யாரோ உட்காரப் போகிறார்கள்.

மதியம் விடைத்தாள்களைக் கொடுத்தார்கள். வீட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். தாள் நடுவில் வயல் படம் போட்டு, பின்னக் கணக்குகள் சில இருந்தன. அந்த இடம் முழுக்க வரிசையாகச் சிவப்புப் பெருக்கல் குறிகள்.

அவற்றில் முதல் கேள்வி: 'ஒரு ஏக்கர் வயலை மூன்று சமப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவு?'

ஹுமைரா 'மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்' என்று எழுதியிருந்தாள். சரி.

இசைவாணி 'ஒரு மா' என்று எழுதியிருந்தாள். தவறு.

அவளுடைய அம்மா அம்சம், நடவுக் குழுவோடு வயல் வயலாகப் போய் நாற்று நடுகிறவர். அந்தப் பக்கம் நிலத்தை மாவில்தான் அளப்பார்கள். இன்று ஐந்து மா முடிந்தது, நாளை ஆறு மா இருக்கிறது என்றுதான் வீட்டில் பேச்சு. ஏக்கர் என்ற சொல்லைப் பார்த்தாலே இசைவாணி மனதில் அது மூன்று மாவாகப் பிரிந்துகொள்ளும். தேர்விலும் அப்படித்தான் பிரிந்துகொண்டது.

'பாடப் புத்தகத்தில் மா என்று எங்கேயும் இல்லையே. நான்தான் முட்டாள்தனமாக எழுதிவிட்டேன்' என்று நினைத்துத் தாளை நான்காக மடித்து வைத்தாள்.

மறுநாள் படி ஒன்று அறையில் பதினேழு பேர் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. டீச்சர் இன்னும் வரவில்லை. முன் பெஞ்சில் நெடுமாறன் என்ற பையன் தன் விடைத்தாளை டெஸ்கின்மேல் விரித்து வைத்து அதனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா ஒரு மாவுலதான் உளுந்து போட்டாரு. நானும்தான் கூடப் போயி விதைச்சேன். அது தப்பாம்! அப்போ நாங்க விதைச்சது என்ன?"

இசைவாணி எட்டிப் பார்த்தாள். அவன் தாளிலும் அதே இடத்தில் அதே சிவப்புக் குறிகள்.

"நெடுமாறா, உனக்கு எத்தனை மார்க்?"

"ஒன்பது. சிரிக்காதே."

"நான் எட்டு."

"அப்போ நான் சிரிக்கலாம்" என்றான் அவன். ஆனால் சிரிக்கவில்லை.

இசைவாணி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, ஸ்கேலை வைத்துக் கட்டம் போட்டாள். பெயர், வாங்கிய மதிப்பெண், மாவில் எழுதிய விடைகள், அவற்றில் சரியானவை. பிறகு ஒவ்வொரு பெஞ்சாகப் போனாள்.

"உன் தாளைக் கொஞ்சம் காட்டுறியா?"

"எதுக்கு? வெளியில போயி சொல்றதுக்கா?" என்றாள் ஒருத்தி.

"என்ன இசை, டீச்சரம்மா ஆயிட்டியா? பிரம்பு எங்கே?" என்றான் செழியன்.

இசைவாணிக்கு முகம் சிவந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றியது. அப்புறம் தன் தாளைப் பிரித்து செழியனிடம் நீட்டினாள். "முதல்ல என்னோடதைப் பாரு. எட்டுதான். பார்த்துட்டு உன்னோடதைக் காட்டு."

செழியன் அவள் தாளைப் பார்த்தான். பிறகு தன் பையிலிருந்து கசங்கிய தாளை எடுத்துக் கொடுத்தான். அதன் பிறகு மற்றவர்களும் கொடுத்தார்கள்.

பதினேழு பேரில் ஆறு பேர் மாவில் எழுதியிருந்தார்கள். ஆறு பேரும் வயலுக்கு நடுவே இருக்கும் ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். அவர்களுடைய விடைகளை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து இசைவாணி கட்டங்களை நிரப்பினாள். நெடுமாறன் ஆறு விடைகளை மாவில் எழுதியிருந்தான். ஆறும் சரி. அவனுடைய ஒன்பதோடு ஆறு சேர்ந்தால் பதினைந்து. படி மூன்று!

அவள் எழுதியவை ஏழு. தன்னுடையதைச் சரிபார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. எட்டும் ஏழும் பதினைந்து. அவளுக்கும் படி மூன்று! தன் பெயருக்கு நேரே 'ஏழு' என்று அழுத்தி எழுதினாள். ஹுமைராவின் வலப்பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கும்.

அப்போது அம்சம் வாய்க்காலில் கால் கழுவிவிட்டு வந்தார். பின்னாலேயே வந்த பக்கத்து வீட்டு மங்களாம்பிகை அத்தை, "நாளைக்கு எங்கே அம்சம்?" என்று கேட்டார்.

"பம்புசெட்டுப் பக்கம் கால் ஏக்கர் நின்னுபோச்சு. முக்கால் மாதானே, வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடலாம்."

இசைவாணியின் பென்சில் நின்றது.

கால் ஏக்கர் என்றால் முக்கால் மா.

தன் தாளை மெதுவாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்பதாவது கேள்வியில் ஒரு ஏக்கரில் கால் பங்கு எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். அவள் 'கால் மா' என்று எழுதியிருந்தாள். பன்னிரண்டாவது கேள்வியில் அரை ஏக்கரை ஒன்றரை மா என்று எடுக்காமல் அரை மா என்று எடுத்துக் கூட்டியிருந்தாள். ஒரே தவறு, இரண்டு இடங்களில்.

கணக்கு டீச்சர் பாத்திமா மிஸ் வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்த ஜூன் மாதம்தான் மாறுதலாகி வந்தவர். அவருக்கு மா கணக்கு தெரிந்திருக்காது. ஆறு பேர் தாளையும் ஒவ்வொரு விடையாகப் பார்க்க அவருக்கு நேரம் இருக்குமா? கட்டத்தில் ஏழு என்று இருந்தால் ஏழு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இசைவாணி வெகுநேரம் 'ஏழு' என்ற அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு யோசனையும் வந்தது. இந்தக் கட்டத்தைக் காட்டாமலே இருந்துவிட்டால் என்ன? காட்டினாலும் அவளுக்குப் படி மூன்று கிடைக்காது. வீணாகத் திட்டு விழலாம். ஆனால் 'அப்போ நாங்க விதைச்சது என்ன?' என்று நெடுமாறன் கேட்ட கேள்விக்கு யார் பதில் சொல்வது?

ரப்பரைத் தேடினாள். கிடைக்கவில்லை. ஏழின்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஐந்து என்று எழுதினாள்.

காலையில் ஆசிரியர் அறை வாசலில் மூன்று முறை திரும்பிப் போய், நான்காவது முறை உள்ளே நுழைந்தாள்.

"மிஸ், படி லிஸ்ட்டுல ஒரு தப்பு... தப்புன்னு இல்ல மிஸ்... ஒரு சந்தேகம்."

பாத்திமா மிஸ் நோட்டை வாங்கிப் பார்த்தார். "மான்னா என்ன?"

"நிலத்துக்கு அளவு மிஸ். ஏக்கருக்கு மூணு மா. இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. கேள்வியில எவ்வளவுன்னுதான் இருந்துச்சு. எத்தனை ஏக்கர்னு இல்ல."

மிஸ் கேள்வித்தாளை எடுத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு நெடுமாறனின் தாளை வாங்கிவரச் சொல்லி, ஒரு வெள்ளைத் தாளில் தானே கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"ஆமா" என்றார் மெதுவாக. "சரியாத்தான் போட்டிருக்கான். ஊர்ப் பக்கம் ஒரு வார்த்தை கேட்டிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும். அவசரத்துல திருத்திட்டேன்."

அவர் விரல் கட்டத்தில் இறங்கி இசைவாணியின் பெயரில் நின்றது.

"இதென்ன, ஏழுன்னு எழுதி அடிச்சிருக்கே?"

"ரெண்டு நெசமாவே தப்பு மிஸ். கால் ஏக்கரைக் கால் மான்னு போட்டுட்டேன்."

"ஏழா இருந்தா நீ படி மூணு, தெரியுமா?"

"தெரியும் மிஸ். கூட்டிப் பார்த்தேன்."

மிஸ் அவளையே பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து இசைவாணியின் தாளில் ஐந்து பெருக்கல் குறிகளை அடித்துவிட்டு ஐந்து டிக் போட்டார். மீதி இரண்டை அப்படியே விட்டார்.

மதியம் புதிய பட்டியல் வந்தது. அந்த ஆறு பேரில் மூன்று பேர் படி இரண்டுக்குப் போனார்கள். அவர்களில் இசைவாணியும் ஒருத்தி. இரண்டு பேருக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தும் பத்து எட்டவில்லை. அதில் செழியனும் இருந்தான். "ஆறா இருந்தது எட்டாச்சு, டீச்சரம்மா. அடுத்த தடவை பத்து" என்றான்.

நெடுமாறன் மட்டும் படி மூன்று. அவன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றான். பேய் வீட்டுக்குள் போகச் சொன்னதுபோல் இருந்தது அவன் முகம்.

"அங்கே எனக்கு யாரையும் தெரியாதே" என்றான்.

இசைவாணி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். ஹுமைரா இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் தன் பையை வைத்து இன்னும் பிடித்து வைத்திருந்தாள். இசைவாணியைப் பார்த்ததும் பையை எடுக்கப் போனாள். இசைவாணி இல்லை என்று தலையசைத்து, நெடுமாறனைக் காட்டினாள். ஹுமைராவின் கை அப்படியே நின்றது. கொஞ்சம் கழித்து அவள் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"ஹுமைரா பக்கத்துல போய் உட்காரு" என்றாள் இசைவாணி. "வலப்பக்கமா உட்காரு. அவ இடது கைக்காரி. இடப்பக்கம் உட்கார்ந்தா இடிச்சுக்கிட்டே இருப்பா."

"திட்டுவாளா?"

"திட்டுவா. ஆனா ரப்பர் கேட்டா குடுப்பா."

நெடுமாறன் உள்ளே போனான்.

இசைவாணி படி இரண்டு அறைக்குப் போய் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். புது நோட்டைத் திறந்து, தேதியை எழுதி, அடிக்கோடு போட்டாள். பாடம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. முதல் வரியில் நிதானமாக எழுதினாள்.

'கால் ஏக்கர் = முக்கால் மா.'

ஒருமுறை சரிபார்த்தாள். இன்னொரு முறையும் சரிபார்த்தாள். பிறகு பக்கத்தில் தானே ஒரு டிக் போட்டுக்கொண்டாள்.